படிப்பகத்துக்குப் பணம் கேட்பது பற்றி மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகாவுக்கு,

எர்ணாவூரில் உங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பகம் கட்ட சென்னை மாநகராட்சியிடம் எப்படிப் பணம் கேட்பது என்று நீ அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். எழுதிவிட்டால் உங்கள் குடியிருப்பில் மற்றவர்களும் படித்துக்கொள்ளலாம் என்று கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. எங்கள் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். சின்னவள் பெரம்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நிற்பதுதான் அவளுக்குப் பெரிய பாடு.

எங்கள் தெருப் படிப்பகம் நன்றாக நடக்கிறது. சாயந்திரம் திறந்தால் ராத்திரி ஒன்பது மணிவரை பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிறவர்கள்தான் அதிகம். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் சிலர் ஜன்னலோரத்து மேசையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். நம் வீடுகள் எப்படி என்று உனக்குத் தெரியாததா? ஒரே அறை, அதிலேயே சமையல், டிவி, தூக்கம். அமைதியான ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் கிடைத்தால் இந்தப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைகிறது. எர்ணாவூரிலும் அப்படி ஒன்று வரவேண்டும் என்று நீ ஆசைப்படுவதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாநகராட்சியில் எவ்வளவு தருவார்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் நீ பதில் கண்டுபிடிக்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. அந்த இடம் யாருடையது? கட்டி முடித்த பிறகு சாவியை யார் வைத்திருப்பார்கள்?

எங்களுக்கு இடம் பிரச்சினையாக இல்லை. அது மாநகராட்சியின் பழைய கட்டடம், பூட்டியே கிடந்தது. உங்கள் கதை வேறு. நீ சொல்கிற காலி இடம் குடியிருப்புக்குள் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் குடிசை மாற்று வாரியத்துக்குச் சொந்தமாக இருக்கும். 2021-இல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள், நம் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. வாரியத்தின் நிலத்தில் மாநகராட்சி தன் பணத்தைப் போட வேண்டுமானால் வாரியம் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். நம்ம பக்கத்தில் நிலம் ஒவ்வொரு கையில் இருக்கிறது: வாரியம், ரயில்வே, துறைமுகம், பொதுப்பணித்துறை, அறநிலையத்துறை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் இன்னொருவர். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு இளைஞர் குழு விளையாட்டுத் திடல் கேட்டு மனுக் கொடுத்து, எஸ்டிமேட் வரைக்கும் போய்விட்டது. அதற்கப்புறம்தான் அந்த இடம் வேறொரு துறையுடையது என்று தெரிந்தது. பையன்கள் மனம் விட்டுப்போய், இன்றைக்கு அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஆகக் கூடாது.

ஆகவே முதல் வேலையாக அந்த இடத்தின் டவுன் சர்வே பதிவேட்டு நகலை எடு, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அதில்தான் இருக்கும். அதில் தெளிவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘இந்த சர்வே எண் எந்தத் துறையின் பெயரில் உள்ளது, அதை வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறார்களா’ என்று மட்டும் கேள். கேள்வி சின்னதாக இருந்தால்தான் பதில் நேராக வரும்.

இப்போது பணம். நமக்குப் பொருந்துவது நமக்கு நாமே திட்டம். கலைஞர் ஆட்சியில் 1997-இல் வந்தது, நின்றுபோய் 2021-இல் மறுபடி தொடங்கியது. வேலைக்கு ஆகிற செலவில் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் கட்ட வேண்டும், மீதியை அரசு போடும். எஸ்டிமேட் 6 லட்சம் என்றால் நம் பங்கு 2 லட்சம். தனி ஆள், தெருக் குழு, சங்கம், கம்பெனி யார் வேண்டுமானாலும் அந்தப் பங்கைக் கட்டலாம். பூங்கா, திடல், நூலகம், பள்ளிக் கட்டடம் மாதிரி எல்லாருக்கும் பயன்படுகிற வேலையாக இருக்க வேண்டும். கோயில், சர்ச், மசூதி வேலைக்கு இதில் இடமில்லை. உங்கள் மனு திருவொற்றியூர் மண்டல அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து உதவிப் பொறியாளர் வந்து இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார்.

இங்கே ஒன்றைக் குடியிருப்பில் எல்லாரிடமும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடு. அரசுப் பணம் நம் கைக்கு வராது. பொதுவாக மாநகராட்சியே டெண்டர் விட்டு வேலையைச் செய்யும். இது தெரியாமல்தான் ‘அந்த அம்மா கவர்மென்ட் பணம் வாங்கிட்டாங்க’ என்ற பேச்சு கிளம்புகிறது. அந்தப் பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் நல்ல வேலை எதுவும் நடக்காது.

மூன்றில் ஒரு பங்கு என்றதும் நீ மலைத்துப் போவாய் என்று தெரியும். நம்ம ஜனங்களிடம் ஏது இவ்வளவு பணம் என்பாய். ஆனால் மல்லிகா, அந்தப் பங்குதான் எங்கள் படிப்பகத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. முழுப் பணத்தையும் ஒரு பெரிய மனிதர் கட்டுகிறேன் என்று முன்வந்தார், வாசலில் அப்பா பெயரைப் போட்டால் போதும் என்றார். நல்ல மனசுதான். ஆனாலும் நாங்கள் அவரிடம் ஒரு பகுதிதான் வாங்கிக்கொண்டோம். மீதிக்கு வீடு வீடாகப் போனோம். பூக்கடை அக்கா, மீன் கூடைக்காரம்மா, லோடு ஆட்டோ ஓட்டுகிற தம்பிகள், மாவு மில்காரர், சுய உதவிக் குழுப் பெண்கள் என்று எல்லாரும் கொடுத்தார்கள். மாதம் 50 ரூபாய் என்று தவணையாகக் கொடுத்தவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ரசீது, மாத முடிவில் தெருமுனையில் ஒரு போர்டில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதி வைத்தோம். இன்றைக்கு அங்கே ஒரு ட்யூப்லைட் எரியவில்லை என்றால் அதே மீன் கூடைக்காரம்மாதான் முதலில் வந்து சத்தம் போடுகிறார். அவர் காசும் அதில் இருக்கிறதே!

சந்தா கொடுத்து ஒன்றை நடத்துவது நம்ம ஊருக்குப் புதிதும் இல்லை. என் தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1918-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதை அவர் தன் அப்பா சொல்லக் கேட்டு எங்களுக்குச் சொல்வார். திரு.வி.க., பி.பி. வாடியா மாதிரி தொழிற்சங்கத் தலைவர்கள் எல்லாம் வந்து பேசிய காலம். கூலிக்காரர்கள் கையில் இருந்த அணாக்களைச் சேர்த்துத்தான் சங்கம் நடந்தது என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் எத்தனை இரவுப் பாடசாலைகளும் படிப்பகங்களும் இப்படி ஜனங்கள் காசில் நடந்தன என்று நீயும் பார்த்திருக்கிறாய். நம்மைப் பார்த்து இவர்கள் இலவசத்துக்குத்தான் வருவார்கள் என்று சொல்கிறவர்களுக்கு நம்ம பக்கத்து வரலாறே தெரியாது என்பேன்.

அப்படியும் பங்குத் தொகை முழுதாகச் சேரவில்லை என்றால் உங்கள் பக்கத்தில் இருக்கிற தொழிற்சாலைகளைக் கேட்கலாம். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வியாபாரமோ உள்ள கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்குகிற உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. மணலியும் எண்ணூரும் இத்தனை வருஷமாக அந்தப் புகையை சுவாசித்திருக்கிறதே, நீ தயங்கிக் கேட்க வேண்டியதே இல்லை. ஆனால் பணத்தை உங்கள் குழுவின் பெயரில் கேட்காதே. அதற்கு வருமானவரிப் பதிவு, மூன்று வருஷம் வேலை செய்த அனுபவம் என்று பல கேட்பார்கள். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கின் ஒரு பகுதியாக மாநகராட்சிக்கே கட்டச் சொல்லிக் கேள்.

கவுன்சிலரிடம் வார்டு மேம்பாட்டு நிதி இருக்கிறது. 2025-26 மாநகராட்சி பட்ஜெட்டில் அதை வார்டுக்கு 60 லட்சமாக உயர்த்தினார்கள். கேட்க நிறையத் தெரிகிறது, ஆனால் தெருவிளக்கு, கால்வாய், ரோடு என்று அவர் வாசலில் வரிசை நிற்கிறது. அதில் கட்டடம் கேட்காமல், கட்டி முடித்த பிறகு வாசலுக்குத் தளம், விளக்கு மாதிரி சின்னச் சின்ன வேலை கேட்பது நல்லது என்பது என் எண்ணம். எம்.எல்.ஏ. நிதி வருஷத்துக்கு 3 கோடி, அதற்கும் ஒரு மனு கொடுத்து வை.

இதையெல்லாம் நேரில் போய்க் கெஞ்சுவதைவிட, வார்டுக்குள் அந்தந்தப் பகுதி ஜனங்கள் கூடிக் கோரிக்கை வைக்கிற ஏரியா சபையில் எழுந்து கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும். 2022-இல் விதிகள் வந்து, அந்த வருஷம் நவம்பர் 1-இல் முதல் சபை கூடியது. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று நாள் குறித்திருக்கிறார்கள். உங்கள் ஏரியாவுக்கு எங்கே, எத்தனை மணிக்கு என்று கவுன்சிலர் ஆபீசில் முன்பே கேட்டுக்கொள். பத்துப் பெண்களோடு போ. பேசிவிட்டு வந்துவிடாதே, தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கோரிக்கையை எழுதும்வரை இரு. 2016-இலிருந்து 2022 வரை மாநகராட்சியில் கவுன்சிலரே இல்லாமல் கிடந்தோம். அந்த வருஷங்களில் ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றது எனக்கு மறக்காது. அதனால் இன்றைக்கு இருக்கிற ஒரு சபையையும் விடக் கூடாது.

மனு எழுதும்போது ‘இளைஞர்கள் பயன்பெறுவார்கள்’ என்ற மாதிரி வரி வேண்டாம். எந்தெந்த பிளாக், அதில் எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, இப்போது எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள், மழைக்காலத்தில் என்ன ஆகிறது என்று எழுது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து உங்கள் பக்கம் பட்ட பாட்டை எழுது. கட்டடத்தின் தரைமட்டம் உயரமாக இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம், பொறியாளரும் அதைத் தட்ட மாட்டார். கேரம் போர்டும் வைக்க வேண்டும் என்று உன் பேரன் கேட்டானாமே, அதையும் சேர்த்துக்கொள். புது வண்ணாரப்பேட்டைப் பொண்ணு காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாள். இனி கேரமை வெட்டிப் பொழுதுபோக்கு என்று யாரும் தள்ள முடியாது. முடிந்தால் ஒருநாள் கொளத்தூருக்குப் போய் பிள்ளைகள் படிக்கவும் மற்றவர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கவும் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தையும் பார்த்துவிட்டு வா. நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம், ஆனால் படிக்கிற இடம் என்றால் என்னென்ன வேண்டும் என்று புரியும்.

சாவி விஷயம் பாக்கி. எங்கள் தெருவில் ஏழு பேருக்கு மேல் சேர்ந்து 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்தோம். அதற்கு ஏழு பேர் போதும். பேங்க் கணக்கு அந்தப் பெயரில்தான் இருக்கிறது. வருஷா வருஷம் கணக்குக் காட்டிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், அதைச் செய்ய உங்களில் பொறுமையான ஒருத்தியைப் பிடி. கரண்ட் பில், துடைப்பம், பேப்பர், ரிப்பேர் என்று மாதச் செலவை இப்போதே போட்டுப் பார். அதற்குச் சந்தா சேராது என்று தோன்றினால் கட்டடத்தைச் சின்னதாகக் கேள். பூட்டிக் கிடக்கிற பெரிய கட்டடங்கள் நம்ம பக்கத்தில் போதுமான அளவு இருக்கின்றன.

சர்வே எண் கிடைத்ததும் எனக்கு அனுப்பு. எங்கள் மனுவின் ஜெராக்ஸ், ரசீதுப் புத்தகத்தின் மாதிரி இரண்டும் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் கோயிலுக்கு வருகிறேன், அப்படியே உங்கள் வீட்டுக்கும் வந்து இடத்தைப் பார்த்துவிடுகிறேன். குழுவில் இருக்கிற பெண்களை அன்றைக்கு வரச் சொல்லி வை.

அன்புடன்,
வசந்தா
கொருக்குப்பேட்டை