என்னைக் கும்பிடாதீர்கள், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

போனில் பேசினால் நீங்கள் அழத் தொடங்கிவிடுவீர்கள், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் மகள் இதைப் படித்துவிட்டாள். "என் பெயரை மட்டும் போடாதீர்கள், மற்றவர்களும் படிக்கட்டும்" என்று அவளே சொன்னாள்.

எங்கள் வீட்டுக்கு வந்து திரும்பும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேறு யாராக இருந்தாலும் இவளை எப்போதோ கொண்டுவந்து விட்டிருப்பார்கள். நீங்கள் தெய்வம் மாப்பிள்ளை" என்கிறீர்கள். தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள். அவள் சமையலறையில்தான் நிற்கிறாள், எல்லாம் காதில் விழுகிறது. எல்லோரும் தன்னை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம்தான் அவளை ஆட்டிவைக்கிறது. அவளைக் கைவிடுவதுதான் இயல்பு, கூட இருப்பது தயவு என்று பெற்ற தாயே சொன்னால் என்ன ஆகும்? நீங்கள் பஸ் ஏறிய இரவுகளில் எங்கள் வீட்டில் யாரும் தூங்குவதில்லை.

அவளுக்கு இருப்பது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு, உணர்ச்சிகளும் உறவுகளும் நிலைகொள்ளாமல் தடுமாறும் நோய் என்று மருத்துவர் சொன்னபோது, "அதெல்லாம் பிடிவாதம்" என்றீர்கள். இல்லை அத்தை. 1980 முதலே மனநோய்ப் பட்டியலில் உள்ள நோய் இது. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து நெடுங்காலமாக இருந்தால்தான் இந்த முடிவுக்கே வருவார்கள்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். அலுவலகத்தில் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. போனில் சார்ஜ் தீர்ந்துபோனதை நான் கவனிக்கவில்லை. காலையில் "உங்களைப் போல யாருமில்லை" என்று வழியனுப்பியவள், இரவு நான் திரும்பியபோது என் பெட்டியை வாசலுக்கு வெளியே வைத்திருந்தாள். நான் துரோகி, இனி உள்ளே வரக்கூடாது. பெட்டியைத் திறந்தேன். சட்டைகள் இஸ்திரி போட்டு மடிக்கப்பட்டிருந்தன. பக்கவாட்டு உறையில் ஒரு மாதத்துக்கான என் சர்க்கரை மாத்திரைகள், ரப்பர் பேண்ட் போட்டு. வெளியே போ என்றவளும் மாத்திரையை எண்ணி வைத்தவளும் ஒருத்திதான். இரண்டில் எதுவும் நடிப்பில்லை. சார்ஜ் கதையை நான் அப்போது எடுக்கவில்லை. "ரொம்பப் பயந்துவிட்டாயா?" என்று மட்டும் கேட்டேன். கதவு திறந்தது. நியாயம் பேசுவதை மறுநாளுக்கு வைத்துக்கொண்டோம்.

இது என் சொந்த மூளையில் உதித்த சாமர்த்தியம் இல்லை. அவளுக்கு டி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை நடக்கிறதே, அங்கே சொல்லிக்கொடுத்தது. அதை உருவாக்கிய மார்ஷா லினஹன் 17 வயதில், 1961இல், அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவமனையில் நோயாளியாகக் கிடந்தவர். பிறகு உளவியல் பேராசிரியரானார். தன் கதையை 2011இல்தான் வெளியே சொன்னார். இந்த நோய்க்கென்று தனி மாத்திரை கிடையாது. அவள் சாப்பிடுவது தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும்தான். ஆகவே "மாத்திரை சாப்பிட்டும் சரியாகவில்லையே" என்று அவளிடம் கேட்காதீர்கள். நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறிகள் தணிந்திருக்கின்றன. வேலையும் உறவுகளும் நிலைபெறத்தான் கூடுதல் காலம் பிடிக்கிறது.

எனக்கும் சலிப்பு வரும், கோபமும் வரும். தட்டு பறந்தால் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன், அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு. அரை மணி என்றால் அரை மணிதான். ஐந்து நிமிடம் தாமதமானால் அது தனிக் கச்சேரி. ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர்களோடு பூப்பந்து ஆடப் போவதையும் நான் விடுவதில்லை. முதலில் அவளுக்கு அது பிடிக்கவே இல்லை. இப்போது மட்டையை அவளே எடுத்துத் தருகிறாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

செத்துப்போகிறேன் என்று அவள் சொன்னால் மட்டும் "சும்மா மிரட்டுகிறாள்" என்று விட்டுவிடாதீர்கள். இந்த நோயில் அந்த ஆபத்து நிஜமானது. உடனே என்னைக் கூப்பிடுங்கள். நான் கிடைக்காவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் உதவி எண். நள்ளிரவிலும் தமிழில் பேசுவார்கள்.

அடுத்த முறை வரும்போது எனக்கு நன்றி சொல்லும் நேரத்தில் அவளோடு உட்கார்ந்து காபி குடியுங்கள். அவள் உங்களுக்காகத்தான் இருமுறை டிகாக்‌ஷன் இறக்குகிறாள், என்னிடம் அதைக் காட்டிக்கொள்ள மாட்டாள். மந்திரித்த கயிறு கொண்டுவந்தால் எனக்கே கட்டிவிடுங்கள். போன வாரம் சர்க்கரை 200ஐத் தாண்டிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை