பால் பூத்துக்குப் போகும் வழி

அன்புள்ள நித்யாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மான்செஸ்டரில் இப்போது ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்று செய்தியில் பார்த்தேன். வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நடை வெளியே போய் வா.

பாட்டியின் முதல் திவசம் நல்லபடியாக முடிந்தது. வர முடியாது என்று ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாய். சரி. சித்தப்பா விடாமல் கேட்டார். ஆபீசில் வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன். வேலை எப்படிப் போகிறது என்று நான் கேட்கப்போவதில்லை. நீ பேசும்போது கேமராவை ஏன் அணைத்தே வைத்திருக்கிறாய் என்று அம்மாதான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போன மாதம் கை தவறி ஒரு நொடி அது திறந்துகொண்டதே, அப்போது உன் பின்னால் ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. உனக்கு அப்போது பகல் பன்னிரண்டு மணி.

இருக்கட்டும். திவசத்தன்று சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு முழுவதும் பாட்டி இந்த டெல்லியைச் சுற்றிய கதைதான். ஆனி, ஆடியில் ராஜ்பத்தில் நாவல்பழம் உலுக்குவார்களே (2022இல் அந்தச் சாலைக்குக் கர்த்தவ்ய பத் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்), அங்கே குத்தகைக்காரரிடம் அவள் போட்ட சண்டையைச் சித்தப்பா நடித்தே காட்டினார். மரத்தில் இருப்பதுதான் உன் ஏலம், தரையில் விழுந்தது என் பேத்திக்கு என்று தமிழிலேயே வாதாடினாளாம். அந்த ஆள் சிரித்துக்கொண்டே இரண்டு கை நிறைய அள்ளிக் கொடுத்திருக்கிறார். மண்ணை ஊதித் தின்னு, முருகன் ஔவையாருக்கே அப்படித்தான் கொடுத்தான் என்று உன்னிடம் சொன்னாளாமே? உன் பள்ளிச் சட்டையில் பட்ட அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

லோதி தோட்டத்தில் இருவாச்சியைத் தேடி அண்ணாந்தபடியே நடந்தது, மலை மந்திரில் தரிசனத்தை விட்டுவிட்டு மயிலுக்குக் காத்திருந்தது, மார்கழிக் குளிரில் புல்வெளியில் வெயிலைத் துரத்தி நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் பட்டாணி உரித்தது எல்லாம் உனக்கே தெரியும். போன நவம்பரில், இதே ஊரில், காற்று கெட்டுப்போய்க் காலை நடை கூடாது என்று டாக்டர் சொன்னபோது நான் முகக்கவசம் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். பாட்டி இருந்திருந்தால் டாக்டரோடு மல்லுக்கு நின்றிருப்பாள்.

ஆனால் அவள் எப்போதும் அப்படியே இருந்தவள் என்று நினைக்காதே. இது உனக்குத் தெரியாது. தாத்தா 1986இல் போனார். சடங்குக் காலம் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் அவள் வாசலைத் தாண்டவில்லை. ஒருநாள் தலைவலி என்பாள், மறுநாள் கால்வலி, அப்புறம் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்பாள். எதுவும் பொய்யாகத் தோன்றாது. ஆர்.கே. புரத்து அந்தச் சின்னக் குவார்ட்டர்ஸில் ஜன்னலை மூடிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். கோயிலுக்குப் போ, ஊருக்கு வா, சுவாமிமலையில் வந்து இரு என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. ஒன்றும் பலிக்கவில்லை.

பிறகு எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மதர் டெய்ரி பூத்தில் டோக்கன் போட்டுத் தூக்கில் பால் பிடித்து வருவது என் வேலை. நான் படுத்துவிட்டேன், சித்தப்பா அப்போது ரூர்க்கியில் படித்துக்கொண்டிருந்தார். வேறு ஆள் இல்லாததால் அவளே போனாள். முதல் நாள் முக்காட்டோடு போய் விடுவிடென்று திரும்பினாள். மாசி மாதம் அது. பூத்துக்குப் பக்கத்தில் இலவ மரங்கள், இலை ஒன்றுகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்து, முழுப் பூவாகத் தொப்பென்று விழும். மைனாக்கள் கிளைகளில் ஒரே இரைச்சல். ஒருநாள் நேரமாகியும் வரவில்லை. நான் பயந்துபோனேன். வந்தவளின் முந்தானையில் இலவ மொட்டுகள்! இதைச் சமைக்கலாம் என்று எதிர்வீட்டு சர்தார்ணி சொன்னாளாம். கூட்டு வைத்தாள். வாயில் வைக்க முடியவில்லை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் எழுந்து நடமாடிய பின்னும் தூக்கையும் டோக்கனையும் என்னிடம் திருப்பித் தரவேயில்லை. பால் பூத்தில் தொடங்கியதுதான் டி.டி.சி. பஸ் பாஸ் வரை போனது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்காதே. திவசத்தில் பேச்சு வந்தது, அவ்வளவுதான். உன்னைப் பற்றியும் பெருமையாகத்தான் பேசினார்கள். நம் குடும்பத்தில் தனியாக இவ்வளவு தூரம் போய்க் காலூன்றியவள் நீ ஒருத்திதான் என்று நானும் சொன்னேன். அங்கே இருப்பதும் இங்கே வருவதும் உன் இஷ்டம். எப்போது வந்தாலும் உன் அறை அப்படியே இருக்கிறது, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சித்தப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லாச் சாமானையும் போனிலேயே வீட்டுக்கு வரவழைக்கிறாய் என்று அம்மா சொன்னாள். பாலையாவது கடைக்கு நடந்து போய் வாங்கு. குளிர் என்று சொல்லாதே, நான் அனுப்பிய கோட்டு பெட்டியில்தானே இருக்கிறது? வெளிச்சம் இருக்கும்போதே போ. ஞாயிற்றுக்கிழமை உன் காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறோம். தெருவில் நின்று பேசினால் நல்லது. கேமராவைப் போடு, அம்மா பார்க்க வேண்டுமாம்.

அப்பா