உச்சில பாக்கலாம்

குட்டிமா,

சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட மறுபடி வர்ஜீனியாவுல இருக்குற அந்த ஓல்ட் ராக் மலை ஏறப் போறேன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தியே, கேட்டதுலேருந்து போன அக்டோபர்ல அந்த பாறை இடுக்குல நின்னுட்டு நான் முழிச்ச முழிதான் ஞாபகம். போன்ல சொன்னா "சரிம்மா சரிம்மா"ன்னு வெச்சிடுவ, அதான் டைப் பண்றேன், முழுசா படி.

3,284 அடிதானே, இதெல்லாம் ஒரு மலையான்னு அன்னைக்கு கார்ல கேட்டேன்ல, எல்லாம் வாய்க்கொழுப்பு. காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு ஏறுன வரைக்கும் ஒண்ணும் தெரியல, மரம் முடிஞ்சு பாறை ஆரம்பிச்சப்பதான் வயித்தக் கலக்குச்சு. வழி காட்ட பாறைல போட்டிருக்குற நீலக் கலர் பெயிண்ட் கோட்டைப் பாத்து பாத்து கைய ஊனி முட்டிய ஊனி போறோம், திடீர்னு ரெண்டு பாறைக்கு நடுவுல ஒரு ஆள் நுழையுற சந்து, அதுக்குள்ள இறங்கணும்ங்கற நீ, பின்னாடி க்யூ வேற நிக்குது. 100 கோடி வருஷத்துக்கு மேல பழைய கிரானைட்டாம், இன்னும் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு, உள்ளங்கை எரிச்சல் ரெண்டு நாள் போகல.

முட்டி வலின்னு சொன்னேன்ல, அது பொய்டி. பயம். நீ போயிட்டு வா நான் இங்கயே உக்காந்திருக்கேன்னு சொன்னதுக்கு, மூஞ்சில ஒண்ணும் காட்டாம "வாம்மா போலாம்"னு திரும்பிட்ட. இறங்குறப்ப ஏறி வர்றவங்களுக்கெல்லாம் ஓரமா ஒதுங்கி வழி விட்டுட்டே வந்தோமே, ஒவ்வொரு தடவையும் நீ மேல திரும்பிப் பாத்தத நான் பாத்தேன்.

அதனால தாராளமா போ. ஆனா மழை வர்ற மாதிரி இருந்தா அந்தப் பாறைல கால வைக்காத, ஈரமானா வழுக்கிடும். சுத்தி வந்தா 9 மைலுக்கு மேல, தண்ணி நிறைய எடுத்துக்க. மலை ஏற வாங்குற டிக்கெட்ட முன்னாடியே போன்ல டவுன்லோட் பண்ணி வெச்சுக்க, அங்க சிக்னல் கிடைக்காது. நாய்க்குட்டிய வீட்ல விட்டுட்டுப் போ, அந்தப் பாதைல நாய்க்கு அனுமதி இல்ல. இறங்கி வர்ற வீக்லி ஹாலோங்கற பள்ளத்தாக்கு ரோட்டுல முன்ன ஸ்கூல், சர்ச், போஸ்ட் ஆபீஸோட ஒரு ஊரே இருந்துச்சாம், 1935ல இந்த மலையச் சேத்து ஷெனண்டோவா நேஷனல் பார்க் வந்தப்ப அந்த மலைச் சனங்கள காலி பண்ண வெச்சிட்டாங்கன்னு படிச்சேன். ஊர் இருந்த இடத்துல இப்ப என்ன தெரியுதுன்னு பாத்து போட்டோ அனுப்பு, எனக்கு மேலேருந்து எடுக்குற செல்ஃபிய விட அதுதான் வேணும்.

இன்னொண்ணு, சிரிக்காத. மலைக்கு இன்னொரு பக்கம் இருக்குற பெர்ரி ஹாலோலேருந்து ஏறுனா பாறையெல்லாம் தாண்ட வேணாமாம், உச்சிக்கு நடந்தே போயிடலாமாம். அடுத்த வருஷம் அக்டோபர்ல நானும் மாப்பிள்ளையும் அந்த வழியா வர்றோம், நீ உன் சந்து பொந்தெல்லாம் புகுந்து வா. தலைக்கு 2 டாலர்தானே, எனக்கும் ஒரு டிக்கெட் போட்டு வெய்யி.

அம்மா