முடிவில்லாத ஆட்சியைப் பற்றி மகளுக்கு

சென்னை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. வழக்கறிஞராக நீ நடத்தும், கூலி கிடைக்காத கட்டடத் தொழிலாளர்களின் வழக்கு மறுபடியும் தள்ளிப்போனதைச் சொல்லிவிட்டு, கிறிஸ்துவை அரசர் என்று பாட இப்போது மனம் வரவில்லை என்றும், நாட்டை ஆண்ட அரசர்கள் எல்லாரும் எளியவர்களை இப்படித்தானே நடத்தினார்கள் என்றும் நீ தொலைபேசியில் கேட்டாய். வரும் ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. அதற்குள் பதில் எழுதிவிட விரும்புகிறேன்.

அரசர்கள்மீது உனக்குள்ள ஐயம் திருவிவிலியத்துக்கும் உண்டு. இஸ்ரயேலர் தங்களுக்கு ஓர் அரசன் வேண்டுமென்று கேட்டபோது, அவன் உங்கள் பிள்ளைகளையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எச்சரித்தார். இறைவாக்கினர் எரேமியாவின் நூலில் 22ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்துப் பார், அம்மா. கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, கேதுரு மரம் பதித்த மாளிகை கட்டிக்கொண்ட யோயாக்கீம் அரசனை இறைவாக்கினர் அங்கே கடுமையாகச் சாடுகிறார். அவனுடைய தந்தை யோசியா ஏழை எளியோரின் வழக்கில் நீதி வழங்கியதைச் சொல்லி, என்னை அறிதல் என்பது இதுவன்றோ என்று ஆண்டவரே கேட்கிறார். உன் கட்சிக்காரர்களின் முறையீடு ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பதிவாகியிருக்கிறது.

தாவீதின் வழியில் வந்த அரசர்கள் தவறிக்கொண்டிருந்த காலத்திலேயே, கண்ணால் கண்டதைக் கொண்டோ காதால் கேட்டதைக் கொண்டோ தீர்ப்பிடாமல், நேர்மையோடு ஏழைகளுக்கு நீதி வழங்கும் ஒருவர் அதே வழியில் தோன்றுவார் என்று இறைவாக்கினர் எசாயா உரைத்தார். அவரே இயேசு; அவருடைய ஆட்சிக்கு முடிவே இராது என்று வானதூதர் அவருடைய தாய் மரியாவிடம் சொன்னதைத்தான் இன்றும் திருப்பலியின் நம்பிக்கை அறிக்கையில் நாம் சொல்கிறோம்.

நீ இங்கே தொழில் செய்த நாள்களில் உயர் நீதிமன்ற வளாகத்து மனுநீதிச் சோழன் சிலையைக் கடந்து போயிருப்பாய். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட அவனை நம் மக்கள் போற்றுவது, ஆள்பவனும் நீதிக்கு உட்பட்டவன் என்று செய்து காட்டியதால்தான். நாம் அறிக்கையிடும் அரசரோ தாமே குற்றவாளியாக உரோமை ஆளுநன் பிலாத்துவின் முன் நின்றார். பொய்ச்சாட்சியையும், குற்றமில்லை என்று தெரிந்தே தண்டித்த நடுவனின் கோழைத்தனத்தையும் தம் உடலில் தாங்கியவர் அவர். அப்படிப்பட்டவரின் தீர்ப்பை என்னால் நம்ப முடிகிறது.

திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1925இல் இந்த விழாவை ஏற்படுத்தியபோது, முதல் உலகப் போரில் ரஷ்ய, ஜெர்மானிய, ஆஸ்திரிய அரியணைகள் சரிந்திருந்தன; உரோமையிலேயே முசோலினியின் ஆட்சி வேரூன்றிக்கொண்டிருந்தது. மனிதரின் மனச்சான்றை எந்த ஆட்சியும் முழுவதுமாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்பதற்காகவே இந்த விழா நமக்குத் தேவைப்படுகிறது என்று நான் எண்ணுகிறேன்.

கிறிஸ்துவின் ஆட்சி முடிவில்லாதது என்பதற்காக நாம் கைகட்டிக் காத்திருக்கலாம் என்று ஆகாது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் அரியணையில் வீற்றிருக்கும் அரசர், பசித்தவருக்கு உணவளித்தாயா, சிறையில் இருந்தவரைத் தேடிச் சென்றாயா என்றுதான் பார்க்கிறார். ஆகவே அந்த வழக்கை விட்டுவிடாதே. அடுத்த வாய்தா என்றைக்கு என்று எழுது. தொழிலாளர்களின் பெயர்களையும் அனுப்பினால், ஞாயிறு மன்றாட்டில் சேர்க்கும்படி பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா