நெருக்கடியை ஆராய்வோருக்கு நிலையான பணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருளாதார நெருக்கடிக்கும் எதேச்சாதிகாரத்துக்கும் உள்ள உறவை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகத் தேர்ந்தெடுக்கும் இளைஞர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்த வேலைகளையே வழங்கிவருவது மிகவும் கவலைக்குரியது.

இது அவசரத்தில் முடிவு சொல்லக்கூடிய துறை அன்று. ஜெர்மனியில் 1928 தேர்தலில் 2.6 விழுக்காடு வாக்கு மட்டுமே பெற்ற நாஜிக் கட்சி, 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1932 ஜூலையில் 37 விழுக்காட்டைத் தாண்டியது. அதே மந்தம் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட்டை வாக்குப்பெட்டி வழியே ஆட்சியில் அமர்த்தியது. இந்தோனேசியாவிலோ 1997இல் தொடங்கிய நாணயச் சரிவு, முப்பதாண்டுக்கு மேல் ஆண்ட சுகார்த்தோவை மறு ஆண்டே பதவி விலகச் செய்தது. நெருக்கடி ஓரிடத்தில் சர்வாதிகாரியை வளர்த்து, வேறோரிடத்தில் வீழ்த்துவது ஏன் என்று அறிய, தொகுதிவாரி வாக்கு விவரங்களை வேலையற்றோர் பதிவேடுகளோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். மந்தக் கால ஜெர்மனியின் பிரதமர் (சான்சலர்) புரூனிங் அவசர ஆணைகளால் சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டியபோது அது எந்தெந்தக் குடும்பங்களின் வயிற்றில் அடித்தது என்று தேட வேண்டும். அதற்குப் பத்தாண்டும் போதாமல் போகலாம்.

எதேச்சாதிகார அரசுகள் இத்தகைய அறிஞர்களை விட்டுவைப்பதும் இல்லை. யூதப் பேராசிரியர்களையும் அரசியல் எதிர்ப்பாளர்களையும் வெளியேற்ற நாஜி அரசு 1933 ஏப்ரலில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஒப்பந்த ஆய்வாளரை நீக்கவோ சட்டம்கூடத் தேவையில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும். ஆகவே, ஆய்வு நிதி வழங்கும் அமைப்புகள் குறுகியகாலத் திட்டங்களைக் குறைத்து, அந்தத் தொகையை நிரந்தரப் பணியிடங்களுக்கு ஒதுக்க வேண்டுமென வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியர் ஒருவர்