ஒயிவா அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன்

டோக்கியோ
ஆகஸ்ட் 18

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அத்தையும் நலமா? அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை என்றாள். நீங்கள்தான் டாக்டரிடம் கூட்டிப் போனீர்களாமே, ரொம்ப சந்தோஷம். உங்களுக்குக் காது மந்தமானதிலிருந்து போனில் பேசினால் பாதி போய்விடுகிறது. அதனால் இனி உங்களுக்கு மட்டும் கடிதம் என்று முடிவு செய்துவிட்டேன். அதுவும் இது சினிமா விஷயம், ஒயிவா என்ற பேய்க் கதைப் பெண்ணின் கோயிலுக்குப் போய்வந்த விஷயம். அவசரமாகச் சொல்ல முடியாது.

இங்கே கோடை. நம் கோவில்பட்டி வெயில் காய்ந்த வெயில். இது புழுக்கம், சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. ஜப்பானில் இந்தக் காலம்தான் பேய்க் கதைக்குக் காலம். பயத்தில் உடம்பு சில்லிட்டால் வெக்கை தெரியாதாம். இன்னொரு காரணம், ஆகஸ்ட் நடுவில் 'ஒபோன்' வருகிறது. நம் ஆடி அமாவாசை மாதிரி, செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் வெள்ளரிக்காய்க்கும் கத்திரிக்காய்க்கும் குச்சியில் கால் செருகி வைத்தோம். வெள்ளரிக்காய் குதிரை, அவர்கள் வேகமாக வந்து சேர. கத்திரிக்காய் மாடு, திரும்பிப் போகும்போது மெதுவாகப் போக. அதைச் செய்துகொண்டிருந்தபோது தாத்தா ஞாபகம் வந்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வந்த புதிதில் எனக்கு என்ன கஷ்டமாக இருந்தது தெரியுமா மாமா? வேலையும் அல்ல, சாப்பாடும் அல்ல. படம் பார்த்துவிட்டுப் பேச ஆள் இல்லாததுதான். 2023 கடைசியில் தனியாகப் போய் 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' பார்த்தேன். டிக்கெட் நம் காசுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். போரில் சாகப் போகவேண்டிய விமானி ஒருவன் உயிரோடு திரும்பி வந்துவிடுகிறான். அந்தக் குற்ற உணர்ச்சி அவனைத் தின்கிறது, வெளியே காட்ஜில்லா ஊரைத் தின்கிறது. அடுத்த வருஷம் அதற்குக் காட்சி வித்தைகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் என்னை அழவைத்தது அந்த விமானிதான். படம் முடிந்தும் ஒருவர்கூட எழவில்லை. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து விளக்கு வரும்வரை மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகையில் நீங்கள் படம் ஓட்டிய காலத்தில், 'வணக்கம்' போடுவதற்குள் ஜனம் கதவுக்கு ஓடுகிறது, கடைசி அடி ஃபிலிமை யாருக்காக ஓட்டுகிறேன் என்று வருத்தப்படுவீர்களே, உங்களை அங்கே கூட்டிப் போய் உட்காரவைக்க வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் எல்லோரும் சத்தமில்லாமல் கலைந்து போனார்கள். எனக்கு யாரையாவது பிடித்து நிறுத்திப் பேசவேண்டும் போல இருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு அறைக்கு வந்து படுத்துவிட்டேன்.

இப்போது அப்படி இல்லை. எங்கள் இல்லத்தில் மூன்று பேர் சேர்ந்துவிட்டோம். நான், வியட்நாமிலிருந்து வந்த ஒரு பெண், ஜப்பான்காரத் தம்பி ஒருவன். இரவுப் பணி முடிந்த மறுநாள் யாராவது அறையில் கூடிப் படம் பார்ப்போம். அதைவிட அதிக நேரம் பேசுவோம். என் ஜப்பானிய மொழியில் பாதி அந்தப் பேச்சில் வந்ததுதான்.

முதலில் பார்த்தது 'ரிங்'. 1998-இல் நகாதா ஹிதேயோ எடுத்தது. நீங்கள் பார்க்கமாட்டீர்கள் என்பதால் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீடியோ கேசட், பார்த்தால் ஏழாம் நாள் சாவு. அதன் பின்னால் சடகோ என்ற பெண். அவளைக் கிணற்றில் தள்ளியிருக்கிறார்கள். கடைசியில் அவள் கிணற்றிலிருந்து ஏறி, தலைமுடி முகத்தை மறைக்க, தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்தே அறைக்குள் வருகிறாள். அந்த நடை மனித நடை மாதிரியே இல்லை. எப்படி எடுத்தார்கள் தெரியுமா? நடிகையைப் பின்பக்கமாக நடக்கவைத்துப் படம் பிடித்து, அதைத் திருப்பி, பின்னிருந்து முன்னாக ஓட்டியிருக்கிறார்கள். கொட்டகையில் எங்களைச் சிரிக்கவைக்க நீங்கள் ரீலைத் திருப்பி ஓட்டிக் காட்டியதாகச் சொல்வீர்களே, சிந்திய பால் செம்புக்குள் ஏறும் என்று. அதே வித்தைதான் மாமா. இங்கே ரத்தம் உறைந்தது.

சத்தமும் நீங்கள் சொன்ன மாதிரியே. பேய் வருவதற்கு முன் சத்தத்தைக் குறைத்துவிட்டால் ஜனம் தானாக முன்னால் சாய்ந்து மாட்டிக்கொள்ளும் என்பீர்கள். 'ரிங்' முழுக்க அந்த அமைதிதான்.

ஆனால் எனக்கு ஒரு கோபம் இருந்தது. கதாநாயகி கிணற்றில் இறங்கி, சேற்றைத் துழாவி, சடகோவின் எலும்பை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். நம் படமாக இருந்தால் அதோடு முடிந்தது. 'சந்திரமுகி'யில் பழி தீர்ந்ததாக நம்பவைத்த பிறகு அவள் விலகிப் போகவில்லையா? 'காஞ்சனா'வில் கொலைகாரர்களைத் தீர்த்த பிறகு அமைதி வரவில்லையா? சடகோ மட்டும் மறுபடியும் வருகிறாள், எந்தத் தப்பும் செய்யாதவனைக் கொல்கிறாள். எடுத்து அணைத்த பிறகும் ஏன் என்று நான் கேட்டேன். அந்தத் தம்பி, "அக்கா, இங்கே பேய்க்கு வேண்டியது நியாயம் இல்லை. வன்மம் இடத்திலேயே தங்கிவிடும், யார் காலை வைத்தாலும் பிடிக்கும்" என்றான். அவனுக்கு 'ஜூஆன்'தான் பெரிய படம். ஷிமிஸு தகாஷி எடுத்தது. அதில் ஒரு வீட்டில் இருக்கும் கிழவியைக் கவனித்துக்கொள்ள வரும் இளம்பெண்தான் முதலில் மாட்டுகிறாள். எங்களைப் போன்றவள்! போர்வைக்குள்ளேயே பேய் வருகிறது. குழந்தையிலிருந்து நாம் ஒளிந்துகொள்ளும் இடத்தையே பறித்துவிட்டார்கள். வியட்நாம் பெண் அன்றிரவு என் அறையிலேயே படுத்துக்கொண்டாள். நானும் அவள் இருந்ததால்தான் தூங்கினேன்.

எல்லாமே பயமுறுத்தும் படமில்லை. 'கேமராவை நிறுத்தாதே' என்று அர்த்தம் வரும் பெயரில் ஒன்று, உயேதா ஷினிச்சிரோ ஏறக்குறைய 30 லட்சம் யென்னில் எடுத்தது. முதல் 37 நிமிடம் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். எப்படியாவது நம் வீட்டுத் தம்பியிடம் சொல்லிப் பாருங்கள். படம் எடுக்கிறவர்கள் மேல் இவ்வளவு அன்போடு ஒரு படத்தை நான் பார்த்ததில்லை.

சரி, கோபத்துக்கு வருகிறேன். அதற்குப் பதில் சொன்னது எங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு பாட்டி. தொண்ணூறு தாண்டியவர். பெயர் எழுதக்கூடாது, இல்லத்தின் விதி. பகலில் சாப்பிட்டதை மறந்துவிடுவார், சினிமாவை மறக்கமாட்டார். 'முத்து'வைக்கூடத் தெரியும். 1998-இல் டோக்கியோவின் ஷிபுயாவில் 23 வாரம் ஓடியதே, அங்கே போய்ப் பார்த்தாராம். சடகோவும் நம் ரஜினியும் ஒரே வருஷத்தில் இந்த ஊர்த் திரையில்! பாட்டிக்குக் கால் தேய்த்துவிட்டபடி, உங்கள் ஊரில் பேய்க்கு ஏன் சாந்தி கிடையாது என்று கேட்டேன். "ஒயிவா-சானைத் தெரியாமல் பேசாதே" என்றார். 'சான்' என்பது பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல்.

ஒயிவா கதை இதுதான். கணவன் இயமோன், பிழைப்பில்லாத சாமுராய். பணக்கார வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் ஆசையில் மனைவியைக் கைவிடுகிறான். மருந்து என்று அவளுக்குக் கொடுத்தது விஷம். முகம் வீங்கிக் கோரமாகிறது. பிறந்த குழந்தை பக்கத்தில் கிடக்க, அவள் தலை வாருகிறாள். சீப்போடு முடி கொத்துக்கொத்தாக வருகிறது. 1825-இல் நான்போக்கு எழுதிய கபுகி, அதாவது ஜப்பானிய மரபு மேடை நாடகம். படமாகப் பலமுறை வந்திருக்கிறது. பாட்டி பார்த்தது 1959-இல் நகாகவா நொபுவோ எடுத்தது. நாங்களும் பார்த்தோம். தலை வாரும் காட்சியில் எனக்குப் பயம் வரவில்லை மாமா, வயிறு எரிந்தது. புருஷன் கொடுத்ததை நம்பிக் குடித்தவள்.

பாட்டி சொன்னது இன்னொன்று. நிஜ ஒயிவா கணவனோடு நன்றாக வாழ்ந்த, பக்தியுள்ள பெண்மணியாம். அவர் காலத்துக்கு ஏறக்குறைய 200 வருஷம் கழித்துத்தான் நாடகம் வந்தது. இங்கே டோக்கியோவின் யோட்சுயாவில் அவருக்குக் கோயில் இருக்கிறது. இன்றைக்கும் அந்தக் கதையை மேடையேற்றுகிறவர்களும் படமெடுப்பவர்களும் அங்கே போய் வணங்கி அனுமதி கேட்காமல் தொடங்குவதில்லையாம். அவரைப் பற்றிப் பேசினால் 'சான்' சேர்க்காமல் பாட்டி பேசவிடமாட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். யோட்சுயா-சான்சோமே ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரம். வீடுகளுக்கு நடுவே சின்னக் கோயில். நான் ஏதோ பயங்கரத்தை எதிர்பார்த்துப் போயிருந்தேன். நம் ஊர்த் தெருமுனை அம்மன் கோயில் மாதிரிதான் இருந்தது. ஐந்து யென் நாணயம் போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி குனிந்தேன். அப்போது நல்லதங்காள் ஞாபகம் வந்தாள். பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் விரட்ட, ஏழு பிள்ளைகளையும் போட்டுவிட்டுக் கிணற்றில் விழுந்தவள். சின்ன வயதில் வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் இருக்கும் அவள் கோயிலுக்கு என்னைத் தூக்கிப் போனீர்கள். அவளைப் பேய் என்று நம் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை.

திரும்பி வந்து பாட்டியிடம் நல்லதங்காள் கதையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மொழியில் பாதிதான் வந்தது. ஏழாவது பிள்ளையில் நிறுத்தி, "அதற்குப் பிறகு அண்ணன் என்ன செய்தான்?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அழுதான் என்றேன். அது போதாது, சரியாகக் கேட்டுச் சொல் என்கிறார். நேற்று காலையிலும் கேட்டார். சாப்பிட்டதை மறந்தவர், இதை மறக்கவில்லை.

அதனால் ஒரு உதவி. 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை' எங்காவது கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் அத்தை பாடும் ஒப்பாரியை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். சீக்கிரம் அனுப்புங்கள் மாமா, பாட்டிக்கு வயதாகிவிட்டது.

அத்தைக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

உங்கள் அன்பு மருமகள்