மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு: கர்ப்பிணிகளிடம் பஞ்சர் சொல்யூஷன் முகர்வதைப் பற்றியும் கேளுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு வணக்கம்.

கர்ப்பத்தைப் பதிவு செய்ய வரும் பெண்ணுக்கு ரத்தசோகை, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்க்கிறீர்கள். பிளாட்பாரத்திலும் ரயில் நிலையத்து ஓரத்திலும் வளர்ந்த பெண் வந்தால், பஞ்சர் சொல்யூஷன், தின்னர், வைட்னர் முகரும் பழக்கம் உண்டா என்பதையும் திட்டாமல், முகம் சுளிக்காமல் கேளுங்கள். நான் கேட்பது முக்கியமாக இதுதான்.

இது ஆண் பிள்ளைகளின் பழக்கம் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிட 10 முதல் 17 வயதுள்ளவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை இந்த முகரும் போதைதான் (1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58). தெருவில் வளரும் பெண் பிள்ளைகளுக்கும் இது எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, அவர்களில் சிலர் பழக்கம் விடுவதற்குள்ளேயே தாயாகிறார்கள்.

இந்தச் சொல்யூஷன், தின்னர் வகைகளில் பலவற்றில் இருக்கும் டொலுயீன் என்ற ரசாயனம் கொழுப்பில் கரையும். நுரையீரல் வழியாக நொடிகளில் மூளைக்குப் போகும், நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்கும் போகும். குறைமாதப் பிரசவம், எடைக் குறைவு, சிறிய தலை, குறுகிய கண்கள், மெல்லிய மேலுதடு, சிறிய தாடை என்று குழந்தைக்கு வரும் அடையாளங்கள் குடிக்கும் தாய்மாரின் குழந்தைகளிடம் காண்பதைப் போலவே இருப்பதால், தாயிடம் கேட்காவிட்டால் காரணம் தெரியாமலே போய்விடும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட 18 குழந்தைகளைப் பற்றி 1994-இல் வந்த ஆய்வில் பெரும்பாலானவர்களுக்கு வளர்ச்சித் தாமதம் இருந்தது, பலருக்குத் தலை வளர்ச்சி பிறந்த பிறகுதான் பின்தங்கியது. அதனால் பிறந்தபோது அளவு சரியாக இருந்தது என்று அனுப்பிவிடாமல், தலைச் சுற்றளவைத் தொடர்ந்து அளந்து, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து பார்க்கும் மாவட்ட டி.இ.ஐ.சி. மையத்துக்கு அப்போதே அனுப்ப வேண்டும். அந்த ஆய்வில் வந்த குழந்தைகளின் தாய்மார்களில் பலருக்குக் குடியும் பசியும் சேர்ந்தே இருந்திருக்கும், எது எவ்வளவு காரணம் என்று பிரிப்பது கஷ்டம், சரி. ஆனால் டொலுயீனை மட்டும் கொடுத்த எலிகளின் குட்டிகளும் எடை குறைந்தே பிறந்தன.

(வீட்டில் ஒரு நாள் பெயின்ட் அடித்தார்கள் என்று எந்தக் கர்ப்பிணியும் பயந்துவிட வேண்டாம். துணியில் ஊற்றி மூக்கில் வைத்து இழுப்பவர்களுக்குள் போகும் அளவு அதைவிடப் பல மடங்கு.)

தாய்க்கும் ஆபத்துதான். டொலுயீன் சிறுநீரகத்தைக் கெடுத்து ரத்தத்தில் அமிலத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். கைகால் துவண்டு வரும் கர்ப்பிணியைச் சத்துக்குறைவு என்று டானிக் எழுதி அனுப்புவதற்கு முன் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லி உங்கள் மருத்துவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம்.

பாட்டிலில் வரும் வைட்னருக்கும் அதன் தின்னருக்கும் 2012-இலேயே மத்திய அரசு தடை போட்டது. ஆனால் பெயின்ட் தின்னர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது, தடையை மட்டும் நம்பி இருக்க முடியாது.

அதே சமயம் அந்தப் பெண்ணைப் பிடித்து அடைப்பதும் வழியில்லை. கனடாவின் வின்னிபெக்கில் பசை முகரும் கர்ப்பிணி ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்காகக் காவலில் வைக்க 1996-இல் ஒரு நீதிபதி உத்தரவிட்டார், 1997-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றது. அந்தத் தீர்ப்பில் என்னை உலுக்கியது வேறு விஷயம்: அந்தப் பெண் அதற்கு முன்பு தானாகவே சிகிச்சை கேட்டுப் போயிருக்கிறார், வசதி இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இங்கே 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் போகும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது, அந்தப் பிள்ளை பிரசவ வலி எடுக்கும்வரை ஆஸ்பத்திரிப் பக்கமே வராது.

ஆகவே கேள்வி கேட்பதோடு நிறுத்த வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென்று, மனநலப் பிரிவும் மகப்பேறு பிரிவும் சேர்ந்து பார்க்கும் சில படுக்கைகளை ஒதுக்குங்கள். ஆதார் இல்லை, கணவர் பெயர் இல்லை என்று வாசலில் யாரும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதை அந்த உத்தரவிலேயே எழுதிவிடுங்கள்.